சீல் மாமாவின் டிபன் டப்பா

இந்திய நாட்டின் சுங்க வேலை காகிதமில்லாமல் ஓட ஆரம்பித்தபோது, அந்த முன்னேற்றத்தைத் தனி ஆளாக நின்று அரை நாள் நிறுத்தி வைத்தவர் எங்கள் சீல் மாமா. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த அரை நாளில் என் தலையில் மிச்சமிருந்த முடியில் பாதி போய்விட்டது.

கடலூரில் முந்திரிப் பருப்பை வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா. மாமா எனக்குச் சீனியர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கம்பெனியின் பதினோரு ரப்பர் ஸ்டாம்புகளும் அவர் பொறுப்பு. சாயங்காலம் ஆனால் அத்தனையையும் துடைத்து, கழுவிய டிபன் டப்பாவில் அடுக்கி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். சீலை ஆபீசில் வைத்துவிட்டுப் போனால் எவனாவது நம் பேரில் ஒரு கப்பலையே கிளப்பிவிடுவான் என்பது அவர் கட்சி.

அவர் கைக்கு எட்டியது எதுவும் சீல் விழாமல் தப்பியதில்லை. என் மகளின் காதுகுத்துப் பத்திரிகையை நீட்டினேன். ‘பெறப்பட்டது’ என்று குத்தி, தேதி போட்டு, “ஆபீஸ் காப்பி ஒண்ணு குடு மாப்ள” என்றார். டீக்கடையில் வடை வந்தால், அதை மடித்துக் கொடுத்த பேப்பரில் ‘சரிபார்க்கப்பட்டது’ விழுந்த பிறகுதான் வடை வாய்க்குள் போகும்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஆபீசுக்குத்தான் காகிதமில்லாத காலம் வந்து சேர்ந்தது. சுங்கத்துறைக்காரர்கள் ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டு விளக்கினார்கள். இனி உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், ஒரே தட்டலில் சரக்கை அனுப்பலாமாம். காகிதமே வேண்டாம் என்பதைப் புரியவைக்க ஆளுக்கொரு தடிமனான புத்தகம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டதற்கு மூன்று இடத்தில் கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா மட்டும் நிம்மதியாகப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சீல் குத்திக்கொண்டிருந்தார்.

அடுத்து முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து வந்தது. பார்க்க பென் டிரைவ் மாதிரி, முந்திரிக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைப் போட்டால்தான் சுங்கத்துக்கு மனு போகும். மாமா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“மொதலாளி கையெழுத்து இதுக்குள்ளயா மாப்ள இருக்கு?”

“ஆமா மாமா.”

“அப்ப இதுவும் சீல்தான?”

“ஒரு வகையில அப்படித்தான்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆக முட்டாள்தனமான வாக்கியம் அது.

காகிதமில்லாத முதல் கன்டெய்னர் துபாய்க்கு. அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மாலை நாலு மணிக்குள் மனு போகாவிட்டால் கப்பல் போய்விடும். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: “கப்பல வுட்டுட்டன்னா, நாளைலேருந்து நீ காடாம்புலியூர் குடோன்ல மூட்ட மேல ஒக்காந்துக்க.”

காலையில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து, டிராயரைத் திறந்தேன். கையெழுத்தைக் காணோம். சிதம்பரத்தில் தேர் என்று மாமா லீவு. எனக்குச் சட்டென்று டிபன் டப்பா ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

“மாமா, டிராயர்ல இருந்த கையெழுத்து எங்க?”

“டப்பாவுலதான். அத அங்க அனாதையா வுட்டுட்டு வரச் சொல்றியா?”

அதற்குமேல் மேளச் சத்தம்தான் கேட்டது.

லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். எந்த மூலையிலிருந்தும் அனுப்பலாம் என்றார்களே, அந்த மூலையைத் தேடித்தான் பஸ் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனேன். போகும்போதே, பக்கத்தில் தொங்கியவரிடம் காடாம்புலியூரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று விசாரித்தும் வைத்தேன். தேர்க் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மிச்சத்துக்கு ஓட்டம். என் விஷயத்தில் ஓட்டம் என்பது வயிறு முன்னால் போக, நான் அதைத் துரத்துவது.

கீழவீதியில், ஒரு கையால் தேர் வடம் பிடித்தபடி, மறு கையால் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார் மாமா.

“வா மாப்ள, வடத்த புடி.”

“மாமா, என் வேல போயிடும்.”

“புடிச்சிக்கிட்டே வந்தாதான் வெளிய வர முடியும். கூட்டத்த பாக்கலியா?”

கையெழுத்து வாங்க வந்தவன் பத்தடி தேர் இழுத்தேன்.

ஒரு டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்தபோது மணி மூன்றே முக்கால். அவசரத்தில் ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டேன். மறுபடியும் தப்பு. இன்னொரு தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று திரை மிரட்டியது. மாமா டப்பா மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் எண். பக்கத்தில் ‘ரகசியம்’ என்று சீல்.

மனு போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சை எழுத்து வந்தது.

“அப்பறம்?” என்றார் மாமா.

“அவ்ளோதான் மாமா. ஏத்துக்கிட்டாங்க.”

“ஒரு ஆபீசர் கூடவா ஒரு கேள்வி கேக்கல? மொகத்த கூட பாக்காம அனுப்பிட்டாங்களா? என்னா மரியாத இது?”

அவர் கோபம் அடங்குவதற்குள் கன்டெய்னர் யார்டு வாசலிலிருந்து எங்கள் லாரி டிரைவர் கூப்பிட்டார்.

“சார், கேட்ல பேப்பர் கேக்குறாங்க. மூணு காப்பி, கம்பெனி சீலோட.”

“காகிதமே கெடையாதுன்னு சொல்லுங்க.”

“சொன்னன் சார். கெடையாதுதான், இது பழக்கத்துக்கு கேக்குறோம்னு சொல்றாங்க.”

பழக்கத்துக்காம். காகிதம் வேண்டாம் என்று நாடே சொல்கிறது, வாசலில் கிடக்கிற ஒரு தடுப்புக் கம்பி வேண்டும் என்கிறது. அந்த டீக்கடையில் நான் கத்திய கத்தலில் தேர் நின்றிருக்க வேண்டும். மாமா பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மனுவைப் பிரிண்ட் போட்டு மூன்று காப்பி எடுத்தார். டப்பாவைத் திறந்து, மூன்றிலும் அழுத்திக் குத்தி, வாயால் ஊதிக் காயவைத்தார். நான் போட்டோ எடுத்து அனுப்ப, டிரைவர் அங்கே பிரிண்ட் எடுத்துக் காட்ட, கம்பி மேலே போயிற்று. சீல் ஊதாவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்களாம்.

மாமா இப்போது ரிடையர் ஆகிவிட்டார். ஆனாலும் கப்பல் நாளன்று சாயங்காலம் தவறாமல் போன் வரும்.

“ஏறிச்சா மாப்ள?”

“ஏறிடுச்சி மாமா.”

“சீலு?”

என் டிபன் டப்பாவைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துக்கொள்வேன்.

“வூட்டுக்கு எடுத்தாந்துட்டன் மாமா.”