கதையில் இறந்துபோன குருசாமி எழுதுவது

ஆசிரியர்கள் எழுதும் மாத இதழை நடத்திவரும் ஐயா அவர்களுக்கு, புதூருக்குத் தெற்கே ஆடு மேய்க்கும் குருசாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி முத்துத்தாயும் ஆடுகளும் நலம். நான் நலம் என்பதைத் தாங்கள் அழுத்தி வாசிக்க வேண்டும், கடிதமே அதற்காகத்தான். நான் மெதுவாக எழுதுகிறேன். தாங்களும் மெதுவாக வாசிக்கலாம், அவசரமில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பகலில் பிள்ளைகளுக்கும் சாயங்காலம் என்னைப் போன்றவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் சுதாராணி டீச்சர். அந்த அனுபவத்தை அவர் தங்கள் இதழில் கதையாக எழுதியிருந்தார். அதில் வரும் கிழவன் நான்தான். என் பெயர், என் ஊர், என் கிடாயின் குணம், எல்லாம் உள்ளபடி. கடைசியில் மட்டும் நான் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, விடியுமுன் செத்துப்போகிறேன். இது எனக்குத் தெரியாது. எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருக்கும் என் தங்கை பெத்தம்மாளின் மருமகளும் ஒரு டீச்சர். இதழ் அவள் கைக்குப் போய், அவள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "கதைதான் அத்தை" என்றவளைப் பெத்தம்மாள், "பேரும் ஊரும் போட்டிருக்கு, கதையாம்லா கதை!" என்று அதட்டிவிட்டாள். சாவு வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது உண்மையா என்று கேட்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. துட்டி, அதாவது துக்கம், கேட்கச் சொந்தபந்தங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, மாலையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

அன்று நல்ல மழை. கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டதால் ஊருக்கு வெளியிலேயே இறங்கி, அங்கிருந்தே ஒப்பாரி வைத்து நடந்து வந்திருக்கிறார்கள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நான் அழுகையைக் கேட்டேன். முன்னால் பெண்கள் முக்காட்டோடு, பின்னால் ஆண்கள் குடையோடு. எனக்குத் தூரத்துப் பார்வையும் சரியில்லை. அழுதுகொண்டு வருகிறவர்களை நிறுத்தி யார் செத்தது என்று கேட்பது மரியாதையா? தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி ஆளாக நானும் நடந்தேன். கூட்டம் எங்கள் தெருவில் திரும்பியதும், பக்கத்து வீட்டு மாடக்கண்ணு போய்விட்டார் போலிருக்கிறது, நல்ல மனுஷன் என்று வருந்தினேன். அவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் என் வீட்டுக்குள் போனது. கம்பு புடைத்துக்கொண்டிருந்த முத்துத்தாயின் கழுத்தைப் பெத்தம்மாள் கட்டிக்கொண்டு அழ, கட்டிக்கொண்டு அழுகிறவளோடு சேர்ந்து அழுவதுதானே முறை, இவளும் அழுதாள். அழுதபடியே வாசலில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏ மனுசா! அங்கன நின்னு வேடிக்கையா பாக்கீரு? செத்தது யாருன்னு கேளும்!"

பெத்தம்மாள் திரும்பினாள். "ஏ அண்ணே! நீ செத்துட்டேன்னு புத்தகத்துல போட்டிருக்கு!"

"யாரு போட்டா?"

"ஒன் டீச்சரு!"

"அவிய போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு முத்துத்தாய் என்னைப் பேசிய பேச்சை எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. கொண்டுவந்த மாலையைத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது என்று வாசலில் வைத்தார்கள். கிடாய் தின்றுவிட்டது.

மறுநாள் டீச்சர் வந்து அழுதார். "வாசிக்கிறவங்க கண்ணு கலங்கட்டுமேன்னு அப்படி முடிச்சுட்டேன், ஐயா. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிப்புப் போடச் சொல்லி இதழுக்குச் சொல்லுதேன். இனிமே நான் பேனாவையே தொடமாட்டேன்."

ஐயா, இதற்காகத்தான் எழுதுகிறேன். அந்தக் கதையை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான் முழுதாக வாசித்த முதல் கதை அது, அதில் நானே வருகிறேன். இந்தச் சந்தோஷம் யாருக்குக் கிடைக்கும்? முதல் நாள் என் கை நடுங்கியபோது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி மழை வருமா என்று பார்த்தார். நான் கூச்சப்படக் கூடாது என்றுதான் அப்படித் திரும்பினாராம். அவர் எழுதியதால்தான் எனக்குத் தெரிந்தது. எழுதாமல் விட்டால் இப்படி இன்னும் எத்தனையோ தெரியாமல் போகும். ஆகவே மன்னிப்பு எதுவும் போட வேண்டாம். செத்தது பொய் என்று போட்டால், நான் எழுத்துப் படித்ததும் பொய் என்பார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. செத்தவனாகவே இருந்துவிடுகிறேன். டீச்சரை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர், ஆடு மாடு இருந்தால் அவற்றுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
குருசாமி (கையெழுத்து என்னுடையதே)

பின்குறிப்பு: மேலே உள்ளது, டீச்சர் பிழை திருத்துவார் என்று தெரிந்து எழுதியது. திருத்தினார், சிரித்தார், அடுத்த கதையை எழுதப்போவதாகச் சொன்னார். அவர் பஸ் ஏறிய பிறகு இதை எழுதுகிறேன். ஐயா, வருத்தமில்லை என்றது பொய். பயமாக இருக்கிறது. டீச்சருக்குத் தெரியாமல் அடுத்த இதழில் என்னை ஒரு தடவை இருமவைத்துவிடுங்கள், போதும். கதையின் முடிவை மறுபடியும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டேன். அதில் என்னைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள், இன்னும் சுடுகாட்டுக்கு எடுக்கவில்லை. நேரம் இருக்கிறது.