அமைதி அறையில் ஜெபம் கூடாது

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்த நேலிதா எச்செகோயனுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே ஏழெட்டு மாணவர்கள் தலை குனிந்து, கண் மூடி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம்தான். சந்தேகமே இல்லை.

மான்டிவிடியோவில் ஓர் அரசு செவிலியர் கல்லூரியின் துணை முதல்வர் அவர். கிறிஸ்துமஸைக் 'குடும்ப நாள்' என்றும், புனித வாரத்தைச் 'சுற்றுலா வாரம்' என்றும் நாள்காட்டியில் அச்சடிக்கும் நாடு அது. நேலிதாவுக்கு அதில் அலாதிப் பெருமை. சாமி வீட்டோடு இருக்கட்டும், கல்லூரி வாசலை மிதிக்கக் கூடாது என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மைதே ஒலிவேரா என்ற மாணவி வந்து, ஜெபம் செய்ய ஓர் அறை வேண்டும் என்று கேட்டாள். கல்லூரி மன்றம் இரண்டாகப் பிளந்தது. மறுத்தால் மத விரோதம், கொடுத்தால் மதச் சார்பு. கடைசியில் நேலிதாவே வழி கண்டுபிடித்தார். 'அமைதி அறை' என்று பெயர் வைப்போம். சிலுவை, மெழுகுவர்த்தி, படம் எதுவும் கிடையாது. சாம்பல் நிறச் சுவரும் நாற்காலிகளும் மட்டும். உள்ளே மதம் நுழைந்தால் தானே பதவி விலகுவதாகவும் மன்றத்தில் முழங்கிவிட்டார்.

இப்போது நுழைந்துவிட்டது.

'இங்கே ஜெபம் செய்யக் கூடாது' என்று கதவில் பலகை மாட்டினார். அதுவரை அப்படி ஓர் அறை இருப்பதே பலருக்குத் தெரியாது. மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது.

நாற்காலி இருந்தால்தானே உட்கார்ந்து ஜெபிப்பார்கள் என்று அத்தனையையும் அப்புறப்படுத்தினார். பாய்கள் வந்தன. சிலர் முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தார்கள்.

மானுடவியல் பேராசிரியரும் பழைய நண்பருமான பென்தான்கோரை வரவழைத்தார். அவர் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கி, மாத்தே பானத்தை உறிஞ்சியபடியே நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

"எல்லாரும் ஒரே பக்கமா தலை வச்சிருக்காங்க, கவனிச்சியா? அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"கேன்டீன்."

"அப்போ இது ஏதோ புது சபை," என்றார் பென்தான்கோர் கவலையோடு.

பக்திக்கு மங்கிய வெளிச்சம்தான் தோது என்று நினைத்த நேலிதா, கண் கூசும் விளக்குகளைப் பொருத்தினார். மறுநாள் அத்தனை பேரும் தலையில் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். போதாக்குறைக்கு, அடித்தொண்டையிலிருந்து ஒரே சுருதியில் ஏதோ ஒலி வேறு எழுந்தது.

"மந்திரம்," என்றார் பென்தான்கோர். "முத்திப்போச்சு நேலிதா."

செய்தி ஆட்சிக்குழுவுக்கு எட்டியது. நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நேலிதா அசரவில்லை. அவர்கள் வருவதற்குள் தானே கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று உள்ளே போய்ச் சுவரோரம் அமர்ந்தார். வாயைத் திறந்து எதையாவது ஓதட்டும், உடனே எழுந்து கேட்டுவிடலாம் என்று காத்திருந்தார். யாரும் ஓதவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேலை எதுவுமில்லாமல் இப்படி உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தார். அந்த யோசனை எங்கே முடிந்தது என்பது அவருக்குத் தெரியாது.

கண் திறந்தபோது அவர் தலையிலும் யாரோ ஒரு சால்வையைப் போர்த்திவிட்டிருந்தார்கள். வாசலில் ஆட்சிக்குழு முழுவதும் நின்றிருந்தது. குழுத் தலைவர், நாடறிந்த நாத்திகர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"மன்னிக்கணும் மேடம். நீங்க எப்போ சேர்ந்தீங்க?"

நேலிதா சால்வையை உருவி எறிந்துவிட்டு, பக்கத்துப் பாயில் கிடந்த மைதேயை உலுக்கினார். பதவி போனாலும் போகட்டும், உண்மை தெரிந்தாக வேண்டும்.

"எல்லார் முன்னாடியும் சொல்லு. இது என்ன சபை? யாரைக் கும்பிடுறீங்க?"

மைதே எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொட்டாவியை அடக்கினாள்.

"யாரையும் இல்ல மேடம். ராத்திரி பூரா ஆஸ்பத்திரி டியூட்டி பாத்துட்டு நேரா கிளாஸுக்கு வர்றோம். தூங்க ஒரு ரூம் குடுங்கன்னு மூணு வருஷமா கேட்டோம், ஜெபம் பண்ணணும்னு சொன்னப்புறம்தான் நீங்கல்லாம் முழிச்சுக்கிட்டீங்க."