பின்விளக்கு எரியுதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் தன் காரின் முன்விளக்குகளுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அச்சுப்பிழை இல்லை. நிஜமான பற்பசை, நிஜமான பிரஷ். பழைய காரின் விளக்கு மூடி வெயில் பட்டுப் பட்டு மஞ்சளித்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் தெளியும் என்று அவரிடம் ஒரு நோயாளி சொல்லியிருந்தார். வாயில் பஞ்சோடு சொன்னதால் எவ்வளவு நேரம் தேய்ப்பது என்பது மட்டும் புரியவில்லை. டாக்டர் முக்கால் மணி நேரமாகத் தேய்க்கிறார்.

காருக்கு வயது இருபத்தைந்து. இரண்டே இருக்கை. கருநீலம். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் பந்தய ஜாதி. அதில் ஏறுவது என்று சொல்லக்கூடாது, இறங்க வேண்டும்; வெளியே வரும்போதுதான் ஏற வேண்டும். டாக்டர் அதைப் பதினொரு வருஷம் முன்பு இன்னொருவர் கையிலிருந்து வாங்கினார். அன்றிலிருந்து கிளினிக்குக்குப் போக, வர, அதுதான். அவர் மனைவி வேலைக்குப் போக, வர, பஸ். ஒன்று அல்ல, இரண்டு பஸ்.

"தேய்ச்சது போதும், பேஸ்ட் தீர்ந்துடும்" என்றாள் மனைவி வாசலிலிருந்து. "வாய் கொப்பளிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமா?"

டாக்டர் பிரஷ்ஷில் இன்னும் கொஞ்சம் பேஸ்டைப் பிதுக்கினார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவர் வீட்டில் வாயைத் திறப்பது அபூர்வம். காரணம் உண்டு. அவர் மனைவி கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். மற்றவர்கள் பேசுவதை ஓர் அசை விடாமல் பிடித்து வைப்பது அவளுக்கு இருபது வருஷத் தொழில். பென்சிலை அலுவலகத்தில் வைத்துவிட்டு வரலாம். காதை வைத்துவிட்டு வர முடியுமா?

துணியால் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. இத்தனைக்கும் மேல் தேய்த்துப் பயனில்லை என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா? பிடுங்கிவிட்டுப் புதுசு கட்ட வேண்டியதுதான். அங்கேயே, கையில் பிரஷ்ஷோடு, முடிவெடுத்துவிட்டார். பளீரென்ற வெள்ளை எல்.இ.டி. விளக்கு. முழு செட்.

முடிவெடுப்பது சுலபம். அனுமதி வாங்குவதுதான் பாடு. போன வருஷம் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் மறுக்கப்பட்ட மனு இது. "அந்த வண்டிக்கு வெளக்கு எரிஞ்சா எனக்கென்ன, அணைஞ்சா எனக்கென்ன? நான் பஸ்ல போறவ" என்பதுதான் ஒவ்வொரு முறையும் தீர்ப்பு.

அதிலும் நியாயம் இருந்தது. காரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவள் பலமுறை கேட்டிருந்தாள். முதலில் "கிளட்ச் ரொம்பக் கனம், உன் கால் தாங்காது" என்றார். பிறகு "சீட்டு முன்னாடி நகராது, உனக்கு எட்டாது" என்றார். கடைசியாக "விளக்கு மங்கல், பழக்கமில்லாதவங்களுக்கு ஆபத்து" என்றார். மூன்றுமே பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த ஸ்டியரிங்கில் இன்னொருவர் கை படுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது. அதை எப்படி வெளியில் சொல்வது?

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருக்கு யோசனை உதித்தது. அவளுக்குத்தான் ஓட்டத் தெரியாதே! லைசென்ஸும் இல்லை. இல்லாத பல்லுக்கு வைத்தியம் செய்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

"நான் யோசிச்சுப் பார்த்தேன்" என்று குரலில் தேன் தடவினார். "நீ சொன்னதுதான் சரி. வண்டி ரெண்டு பேருக்கும் பொதுதானே? இந்த விளக்கு ஒண்ணுதான் தடை. அதை மாத்திட்டோம்னு வை, அப்புறம் நீயே ஓட்டலாம். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மனைவி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது.

"வெளக்கு மாத்தினா நான் ஓட்டலாம்?"

"தாராளமா."

"குறுக்க நிக்க மாட்டீங்க?"

"நின்னா என்னன்னு கேளு."

"சரி, மாத்துங்க" என்றாள்.

அவ்வளவுதான். இவ்வளவு சீக்கிரம் சம்மதம் கிடைத்தால் புத்தியுள்ளவன் பயப்பட வேண்டும். டாக்டருக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

கார் எலக்ட்ரீஷியனுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். யார் வைத்தார்களோ, விளையாட்டுக்குத்தான் வைத்திருக்க வேண்டும். மனிதர் ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு, அதைக் கொஞ்சம் பார்த்து, அதன் இடத்தையும் கொஞ்சம் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவார். ஆனால் அவர் போட்ட ஒயர் அறுந்ததாகச் சரித்திரமில்லை. கார் மூன்று வாரம் அவர் பட்டறையில் கிடந்தது.

முதல் சனிக்கிழமை டாக்டரோடு மனைவியும் பார்க்க வந்தாள். அதுவே அதிசயம். பழைய விளக்குகள் கழன்று, முன்பக்கம் இரண்டு குழியோடு பொக்கை வாயாக நின்றது கார். அவள் முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னால் போனாள்.

"இது என்னங்க, மீன் தொட்டி?"

வலது பின்விளக்குக்குள் மழைத்தண்ணீர் பாதி அளவுக்குத் தேங்கியிருந்தது.

"அது கிடக்கட்டும். எனக்கு முன்னாடி தெரிஞ்சாப் போதும்" என்றார் டாக்டர்.

"முன்னாடி வெளிச்சம் உங்களுக்கு. பின்னாடி வெளிச்சம் பின்னாடி வர்றவங்களுக்கு. நீங்க நிக்கப்போறீங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"அம்மா சொல்றது கரெக்ட் சார்" என்றார் மின்னல். அவருக்கு அது மூன்று நிமிஷத்தில் முதல் வாக்கியம்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விளக்குக்கு மூக்கால் அழுத வீட்டில், இப்போது அவளே இன்னொரு ஜோடி கேட்கிறாள்! பெருந்தன்மையாகத் தலையசைத்தார். ஒயர் பார்க்க அவர் குனிந்திருந்த நேரத்தில் மனைவி மின்னலிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னதையும், அவர் தலையாட்டியதையும் கவனித்தார். சீக்கிரம் முடித்துக் கொடுக்கச் சொல்கிறாள் போலும் என்று நெகிழ்ந்துபோனார்.

புது முன்விளக்கு வந்து ஒளியைச் சுவரில் பாய்ச்சிப் பார்த்த அன்று அது சுவரைத் தாண்டி, பட்டறைக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலில் போய் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் விடிந்துவிட்டதென்று திரையை விலக்கினார். சாயங்காலம் ஆறே முக்கால். மின்னல் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, திருகைத் திருகித் திருகி ஒளியைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார். பின்னால் புது பல்பு போட்டதும் இண்டிகேட்டர் பதறிக்கொண்டு துடித்தது.

"புது பல்புக்குக் கரண்ட் கொஞ்சம் போதும் சார். வெளக்கைத் துடிக்க வைக்கிற பழைய பிளாஷருக்கு அது தெரியல. பல்பு போயிடுச்சுன்னு நெனச்சு அலறுது" என்று விளக்கி, பிளாஷரையும் மாற்றினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காரை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "கொஞ்சம் இருட்டட்டும். பின்னாடி ஒரு ஆள் நின்னு எல்லாத்தையும் பார்த்துடுங்க" என்று சொல்லிப் போனார்.

இருட்டத் தொடங்கியது. டாக்டர் காருக்குள் இறங்கினார். மனைவி பின்னால் போய் நின்றாள். டாக்டர் பிரேக்கை மிதித்தார்.

"எரியுதா?"

"எரியுது."

"எது எரியுது?"

"நீங்க எதை மிதிச்சீங்க?"

"பிரேக்!"

"பிரேக்னு அதுல எழுதியா இருக்கு? செவப்பா எரியுது."

"ரெண்டும் எரியுதா?"

"ரெண்டும்."

"ஒரே மாதிரி எரியுதா?"

"எரியுது."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. எரியுதா?"

"இதுவரைக்கும் வெளக்குதான் எரியுது. இன்னும் ரெண்டு தடவை கேட்டீங்கன்னா எனக்கும் எரியும்."

டாக்டர் அடங்கினார். ஆனால் மனசு அடங்கவில்லை. சிவப்பு என்றால் என்ன சிவப்பு? ஓரம் வரை நிறைந்து எரிகிறதா, நடுவில் மட்டுமா? பெற்ற குழந்தையை அடுத்தவர் வாயால் கேட்டு ரசிக்கிற நிலைமை.

மனைவி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நான் சொல்லி நீங்க எப்படிங்க ரசிக்கிறது? நீங்க பின்னாடி போய் நில்லுங்க. நான் உக்காந்து மிதிக்கறேன்."

இந்தக் கரிசனத்தில் டாக்டர் கரைந்தார். வெளியே ஏறி வந்தார். "நடுவுல இருக்கே, அது மட்டும். மத்த ரெண்டையும் தொடாதே" என்று பாடம் நடத்தினார். "சரிங்க" என்று அவள் உள்ளே இறங்கினாள். சீட்டு சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்தது. பதினொரு வருஷமாக நகராத சீட்டு. டாக்டர் அதற்குள் பின்பக்கம் போய்விட்டிருந்தார், கவனித்தும் கவனிக்கவில்லை.

கவனிக்க வேறு விஷயம் இருந்தது. இரண்டு பக்கமும் மாதுளை முத்தைப் போல் சிவப்பு மெல்ல நிறைந்து நின்றது. அவள் அபாய சுவிட்சைத் தட்டியதும் இரண்டு இண்டிகேட்டரிலும் அளவான, நிதானமான துடிப்பு.

"வெள்ளை லைட்டு ஒண்ணு இருக்கில்ல, ரிவர்ஸுக்கு? அதைப் பார்க்க வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பார்க்கணும், பார்க்கணும்."

"அதுக்குச் சாவி போடணும்னாரே மின்னல்."

டாக்டர் தன் சட்டைப்பையிலிருந்து, தன் கையாலேயே, சாவியை எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு ஓடிவந்து நின்றார். வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அபாரம்!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் உறைத்தது. அந்தக் காரின் ரிவர்ஸ் கியரை ஒரு அமுக்கு அமுக்கித்தான் இழுக்க வேண்டும். தெரியாதவர்கள் அரை மணி நேரம் போராடினாலும் விழாது. இவளுக்கு எப்படி...

எஞ்சின் உறுமியது. வெள்ளை அணைந்தது. வலது இண்டிகேட்டர் மரியாதையாக நாலு தடவை துடித்தது. சிவப்பு மங்கியது. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தெருவில் இறங்கிப் போயே போய்விட்டது.

கையில் துடைக்கிற துணியோடு டாக்டர் நின்றார்.

முதலில் கிளட்சை நினைத்தார். பிறகு பம்பரை நினைத்தார். மூன்றாவதாக மனைவியை நினைத்தார். இந்த வரிசை அவருக்கே வெட்கமாக இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் மனசுக்குள் வரிசையை மாற்றி வைத்துக்கொண்டார்.

தெருக்கோடியில் சிவப்புப் புள்ளி இரண்டும் திரும்பி மறைந்தன. அப்போதுதான் அவருக்குத் தோன்றியது: இந்த வண்டி போவதை அவர் பார்த்ததேயில்லை. நிற்பதைப் பார்த்திருக்கிறார். உள்ளேயிருந்து ரோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். வண்டி விலகிப் போவதைப் பார்க்க ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். பதினொரு வருஷமாகக் காலை வேளைகளில், கைப்பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு, இந்த இடத்தில் நின்றது யார் என்று அவர் யோசித்தார். அழகான காட்சிதான். ஆனால் தினம் பார்க்கிற அளவுக்கு அழகா என்று சொல்லத் தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் கார் வந்தது. சுவருக்கும் அதற்கும் ஒரு முழ இடைவெளி விட்டு நேர்கோடாக நின்றது. டாக்டர் நிறுத்தினால் இப்படி நிற்காது.

"லைசென்ஸ்?" என்றார், குரல் எழும்பாமல்.

மனைவி கைப்பையைத் திறந்து காட்டினாள். போட்டோவில்கூட அமைதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"நாலு மாசம் ஆச்சு. கோர்ட்டுக்குப் பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. மத்தியான இடைவேளையில போனேன். முதல் தடவையே பாஸ்."

டாக்டர் மூன்றாம் தடவை பாஸ் செய்தவர். அதனால் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

"சீட்டு?"

"மின்னலண்ணன்கிட்ட எண்ணெய் விடச் சொன்னேன். 'எண்ணெய்தான் கேட்டுச்சும்மா, வேறொண்ணும் இல்ல'ன்னார். ரிவர்ஸை அமுக்கி இழுக்கறதையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார்."

"கிளட்ச்?"

"அது கனம்தாங்க. ஆனா ரெண்டு பஸ்ல நின்னுக்கிட்டே போற காலுக்கு அது ஒண்ணும் பெரிசில்ல."

டாக்டர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அதில் கோபம் இல்லை.

"சொல்லியிருந்தா நாலாவதா ஒரு காரணம் கண்டுபிடிச்சிருப்பீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். சொன்னீங்க." அவள் குரல் கோர்ட்டில் வாசிக்கிற குரலானது. "'அதை மாத்திட்டோம்னு வை, அப்புறம் நீயே ஓட்டலாம். நான் குறுக்க நிக்க மாட்டேன்.' ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், கை கழுவற இடத்துல. ஒரு எழுத்து மாறியிருந்தாச் சொல்லுங்க."

மாறவில்லை. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் காற்று பட்ட சிவப்பு இன்னும் இருந்தது. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இதை இத்தனை வருஷம் பூட்டி வைத்ததற்கு அவருக்கு உள்ளூரக் குத்தியது. "நல்லா ஓட்டினே" என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

சொன்னது தப்பாகப் போயிற்று. திங்கட்கிழமை காலை சாவி ஆணியில் இல்லை.

"உங்க கிளினிக் எதிர்த்திசைங்க. எனக்குப் பத்து மணிக்கு ஜட்ஜ் வந்துடுவார். உங்களுக்குப் பல்வலிக்காரங்கதானே? அவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க. மூணாம் நம்பர் பஸ் நேராப் போகும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் தலைவாரப் போனாள்.

டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னதாகவே நடந்து, தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றார். வானம் மப்பாக இருந்தது. சற்று நேரத்தில் கருநீலக் கார் முன்விளக்கு பளபளக்க வந்தது. மனைவி கையசைத்தாள். கார் அவரைக் கடந்து போனது. பஸ் நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது அடி தள்ளிப் பின்விளக்கு இரண்டும் திடீரென்று செக்கச்செவேலென எரிந்தன. கார் நின்றேவிடும் போல் வேகம் குறைத்தது.

டாக்டரின் மனசு இளகிப்போயிற்று. என்ன இருந்தாலும் கட்டினவள் அல்லவா! மனசு கேட்குமா? பையை மார்போடு அணைத்து, மூன்றாம் நம்பர் பஸ் வந்து நிற்பதையும் பொருட்படுத்தாமல், அந்தச் சிவப்பை நோக்கி ஓடினார்.

அங்கே ஒரு வேகத்தடை இருந்தது.