தலையணைக்கு அறுநூறு கிராம்

முதல் தலையணை தட்டையாக வந்தது. தலையணை என்று சொல்வதைவிட உறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். மேற்பார்வை அக்கா அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பக்கத்து ஜன்னல் தெரிந்தது.

"சார், இதுக்குள்ள பஞ்சு இருக்கா?"

"இருக்கணுமே அக்கா. அறுநூறு கிராம் போடச் சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"கன்ட்ரோலர்கிட்ட."

"அது காதுல வாங்கலை போலிருக்கு."

காதில் வாங்க வைப்பதுதான் அந்த சாருடைய தொழிலே. தொழிற்சாலைக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கும், அதுதான் கன்ட்ரோலர். தராசு, பஞ்சு ஊதும் மிஷின், பெல்ட் எல்லாம் அது சொன்னபடி ஆட வேண்டியவை. எவ்வளவு இருக்கிறது என்று பெட்டி தராசைக் கேட்க வேண்டும். தராசு பதில் சொன்னதும், போதும் நிறுத்து என்று ஊதும் மிஷினுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். யார், யாருக்கு, எப்போது, என்ன சொல்லி அனுப்புவது என்பதை லேப்டாப்பில் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணித் தருகிறவர் என்பதால், போகிற இடமெல்லாம் அவருக்கு மெசேஜ்காரர் என்றே பெயர்.

இத்தனை மிஷின்களைப் பேச வைக்கிற மனுஷனிடம் வீட்டில் பொண்டாட்டி பேசி மூன்று வாரம் ஆகிறது.

அவளும் இதே தொழில்தான். கல்யாணம் ஆனதிலிருந்து ஜோடியாகவே வேலைக்குப் போவார்கள். போகிற மெசேஜை அவர் பார்ப்பார், வருகிற மெசேஜை அவள் பார்ப்பாள். போன மாதம் ஒரு வாடிக்கையாளரிடம், "இவங்க எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்று சொல்லிவைத்தார். வாய் தவறிவிட்டது என்று இன்றுவரை சாதிக்கிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"நான் இல்லாம ஒரே ஒரு வேலையை முடிச்சுட்டு வாங்க. அன்னைக்கு நானே வந்து பேசறேன்."

அதற்குப் பிறகு பேச்செல்லாம் மகள் வழியாகத்தான். உப்பு குறைவு என்று உங்கம்மாவிடம் சொல், டப்பா எதிரில்தான் இருக்கிறது என்று உங்கப்பாவிடம் சொல். நேற்று மகளும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்ட கேபிளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். இன்று காலை மனைவி பையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினாள். எங்கே என்று கேட்கலாம் என்றால், மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள்.

ஆகவே இந்தத் தலையணைத் தொழிற்சாலை அவர் தனியாக எடுத்த முதல் வேலை. முதலாளி நாலு மணிக்கு வருவார். அதற்குள் வரிசை ஒழுங்காக ஓடிவிட்டால் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போனால் அவள் குரலைக் கேட்கலாம். கூலியைவிட அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஹால் என்னவோ வேலை செய்கிற இடம் மாதிரியே இல்லை. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சோம்பலாக இறங்கியது. பஞ்சுத் துகள்கள் மிதந்து வந்து, தரையில் இறங்க மனமில்லாமல் மறுபடி மேலே போயின. தையல் மிஷின்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு கட்டில், அதில் சோதனைக்காரர். தலையணையில் தலை வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் உத்தியோகம். தூங்கியே குடும்பத்தைக் காப்பாற்றுகிற மகராசன்.

மெசேஜ்காரர் லேப்டாப்பைப் பார்த்தார். அறுநூறு என்று அடித்த இடத்தில் அறுபது நின்றது. திருத்தி அனுப்பினார். சரி என்று பெட்டி பதில் சொன்னது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அவர் கண்ணெதிரில், அறுநூறு மெதுவாக மறுபடி அறுபதானது.

"ஒரு தடவை சொன்னா மறந்துடுது அக்கா. நொடிக்கு ஒரு தடவை சொல்ற மாதிரி வச்சுடறேன்."

"வைங்க. எங்க வீட்ல நான் அப்படித்தான்."

வைத்தார். இப்போது எண் ஆறாயிரம் ஆனது. உறை ஊதியது, உருண்டது, மேஜையை விட்டு லேசாக எழும்பியது. பிறகு தையல் விட்டுப் பிரிந்தது. சத்தமே இல்லை. பஞ்சு மட்டும் அவசரமில்லாமல் ஹால் முழுக்கப் பரவித் தையல் பெண்களின் தலையிலும் தோளிலும் உட்கார்ந்தது. அவர்கள் தலையைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சோதனைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "மழையா?"

"பஞ்சு அண்ணே."

"அப்ப சரி." திரும்பிப் படுத்தார்.

விடுவாரா மெசேஜ்காரர்? பதில் வருகிறவரை விடாமல் கேட்டுக்கொண்டே இரு என்று பெட்டிக்கு உத்தரவு போட்டார். பெல்ட் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. தைத்து அனுப்பிய தலையணைகள் ஒவ்வொன்றாகத் தைத்தவர்களிடமே வந்து சேர்ந்தன.

"முடிச்ச வேலை திரும்பி வருது சார்," என்றார் அக்கா. "துணி துவைச்சா, பாத்திரம் கழுவினாதான் இப்படி வரும். இங்க இப்பத்தான் பாக்கறேன்."

மெசேஜ்காரருக்குப் பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்து எதிர்வாதம் பண்ணுகிற மாதிரி இருந்தது. அவர் அழித்தால் அது எழுதியது. அவர் கையை எடுத்தால் அதுவும் சற்று நின்றது. ஒருவேளை தான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறோமோ, காலையில் எழுந்ததே கனவோ என்றுகூட நினைத்தார். கையைக் கிள்ளிப் பார்த்தார், வலித்தது. வலிக்கிற மாதிரியும் கனவு வரும்தானே.

அவள் இருந்தால் வருகிற மெசேஜைப் பார்த்தே, எங்கிருந்து வருகிறது என்று சொல்லியிருப்பாள். போனை எடுத்தார். அவள் பெயர்வரை போய்விட்டு மறுபடி சட்டைப் பைக்குள் போட்டார். கூப்பிட்டால் தனியாக முடித்ததாக ஆகாதே.

"பெட்டியோட முகவரியை மாத்திடறேன்," என்றார். ஒவ்வொரு பெட்டிக்கும் முகவரியாக ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்குத்தான் மெசேஜ் போகும். இதற்குப் பத்து என்று வைத்திருந்தார்கள். அவர் பதினொன்று ஆக்கினார்.

ஆஹா, என்ன நிம்மதி. பஞ்சு அளவாக இறங்கியது, பெல்ட் நேராக ஓடியது. கன்னத்துக்குப் பதமாக இரண்டு தலையணைகள் வந்தன. சோதனைக்காரர் ஒன்றில் முகத்தை வைத்துத் தூக்கத்திலேயே சிரித்தார். மெசேஜ்காரர் மனதுக்குள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது தலையணை வெடித்தது.

பன்னிரண்டு ஆக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சனியன் அங்கேயும் வந்து சேர்ந்தது. குறுகலான நடையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அந்தக் கதையாக இருந்தது. சுலபமான எண்ணாக வைத்தால் கண்டுபிடித்துவிடுகிறது, யாருக்கும் தோன்றாத எண்ணாக வைக்க வேண்டும் என்று முடிவு பண்ணினார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நாற்பத்தேழு. அவர் வீட்டுக் கதவு எண்.

அடித்தார். எல்லாம் நின்றது. தையல் மிஷின்களின் முனகல் மட்டும் கேட்டது. கடிகாரத்தில் நாலு ஆக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

பிறகு எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஊதும் மிஷின் இருந்த பஞ்சையெல்லாம் ஊதியது. பெல்ட் முன்னும் பின்னும் தொட்டில் மாதிரி ஆடியது. தராசு ஒன்றுமே இல்லாததை நிறுத்து முந்நூறு கிலோ என்றது. ஹால் வெள்ளையாகிவிட்டது. அக்காவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் அக்கா."

"எங்க?"

"தெரியலை."

பஞ்சுக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். இதமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. இனி என்ன, முதலாளி வருவார், வேலை போகும், இன்னும் எத்தனை நாள் மகள் வழியாகவே உப்பு கேட்கவேண்டுமோ. போகட்டும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிடக் கூடாது, நேராக மனைவி எதிரில் நின்று, என்னால் முடியவில்லை, நீ இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது என்று சொல்லிவிட வேண்டும். நினைத்ததும், தொண்டைக்குள் பஞ்சு போய்விட்டது என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி இருமினார்.

கதவு திறந்தது. பக்கத்து ஷெட்டின் வாட்ச்மேன் நின்றார். முழங்கால்வரை சோப்பு நுரை. ஈரமாக இருந்ததால், உள்ளே வர வர அவர்மேல் பஞ்சு ஒட்டிக்கொண்டே வந்தது.

"இங்க மெசேஜ் வேலை பாக்கறவரு யாரு?"

"நான்தான்," என்றது பஞ்சுக் குவியல்.

"நாங்க பக்கத்து சோப்பு கம்பெனி சார். எங்க ஷெட்லயும் ஒரு மேடம் இதே வேலை பாக்கறாங்க. காலையிலேருந்து எங்க மிஷின் நுரையா தள்ளுது, நிறுத்த முடியலை. ரெண்டு ஷெட்டுக்கும் ஒரே நெட் வயரு, நடுச்சுவர்ல ஓட்டை போட்டு இழுத்திருக்கு. ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர் விழுந்திருக்காம். நீங்க அனுப்பறது அங்க வருதாம், அவங்க அனுப்பறது இங்க வருதாம்."

"நான்தான் மூணு தடவை நம்பரை மாத்தினேனே."

"அவங்களும்தான் மாத்தினாங்க. பதினொண்ணு, பன்னெண்டு வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தாங்க. கடைசியா யாருக்குமே தோணாத நம்பர்னு ஒண்ணு வச்சாங்க. அங்கயும் நீங்க வந்து நின்னீங்க. அப்புறம் நுரைக்கு நடுவுல உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

மெசேஜ்காரர் எழுந்து நின்றார். "என்ன சொன்னாங்க?"

வாட்ச்மேன் வாயில் ஒட்டியிருந்த பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "'சொந்த வீட்டுக் கதவு நம்பரைக் கொண்டுபோய் மிஷினுக்கு வைக்கிற ஆளு உலகத்துலயே ரெண்டே பேர்தான், ஒண்ணு நான், அந்த இன்னொருத்தரை லேப்டாப்புலேருந்து கையை எடுத்துட்டு வாசலுக்கு வரச் சொல்லுங்க, நான் பேசணும்'னாங்க சார்."