ஆட்டுத்தலை வகைக் கோப்பு

ஒரு கோப்பு பிறந்தால் அதற்கு ஒரு வகை வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எனக்கும் இல்லை; என் சம்பளமே அதற்குத்தான். எங்கள் மலையூரின் வெப்ப நிலையத்துக்கும் நீரேற்று நிலையத்துக்கும் வேண்டிய பாகங்களை வரைந்து கொடுக்கும் வடிவமைப்பு நிலையத்தில், கோப்புகளுக்கு வகை ஒதுக்கும் விதிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். பெயர் சைகல்.

மென்பொருள் நல்ல மென்பொருள். யாராவது ஒரு கோப்பைச் சேமித்ததும் அது விதியைப் பார்த்து வகையைப் போட்டுவிடும். யார் சரிபார்க்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், எப்போது பட்டறைக்குப் போகலாம் என்பதையெல்லாம் அந்த வகைதான் தீர்மானிக்கும். ‘வெளியிடப்பட்டது’ என்ற முத்திரை விழாத எதையும் பட்டறையில் தொடமாட்டார்கள். முத்திரை விழுந்த எதையும் விடமாட்டார்கள்.

நான் எழுதிவைத்திருந்த விதிகள் மிகவும் சாதாரணமானவை. வரைபடம் என்றால் வரைபடம். கணக்கு என்றால் கணக்கு. கடிதம் என்றால் கடிதம். இவ்வளவு எளிதாக இருந்தால் அது ஒரு முறைமையே ஆகாது என்று பிற்பாடு எனக்கு விளக்கப்பட்டது.

விளக்கியவர் எங்கள் இயக்குநர் கெங்கேஷ் ஒரோஸ்பாயெவிச். அக்டோபரில் தலைநகர் பிஷ்கேக்குக்கு ‘வேர்களோடு டிஜிட்டல்’ என்ற கருத்தரங்குக்குப் போனவர், திரும்பி வரும்போது தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியும், கையில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரமும், பக்கத்தில் தாமீர் என்கிற ஆலோசகனுமாக வந்தார். தாமீர் தன் தாத்தாவின் தாத்தா போட்டிருக்கக்கூடிய கம்பளி மேல்சட்டை போட்டிருந்தான். கீழே கணுக்கால் தெரியும் காற்சட்டை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் பாணி பாணிதானே.

“கோப்பை எதை வெச்சு வகை பிரிக்கிறீங்க?” என்றான் தாமீர்.

“அது என்ன கோப்புங்கிறதை வெச்சு.”

அவன் இயக்குநரைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தான். “பாத்தீங்களா ஐயா? ஆன்மாவே இல்ல.”

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “சைகல், நம்ம விருந்துல ஆட்டை எப்படிப் பங்கு வைக்கிறோம்?”

“வயசைப் பாத்து. பெரியவருக்குத் தலை, அடுத்தவருக்கு இடுப்பெலும்பு, அப்புறம் தொடை, தோள்பட்டை...”

“சின்னவங்களுக்கு?”

“முதுகெலும்புத் துண்டு. எனக்குத் தெரியாதா ஐயா? பொறந்ததுலேருந்து அதைத்தானே கடிச்சிட்டிருக்கேன்.”

“யாராவது கறியைப் பாத்துப் பங்கு வைக்கிறாங்களா?”

“கறி அத்தனையும் ஒரே ஆடு. கோப்பு அப்படியா? ஒண்ணு பம்பு, ஒண்ணு வால்வு...”

“வாயாடாதே பொண்ணே,” என்றார் அவர் அன்பாக. “எலும்பு எப்பவாவது எதிர்த்துப் பேசியிருக்கா?”

புதிய விதி அன்றே நடைமுறைக்கு வந்தது. கோப்பின் வகை, அதைச் சேமித்தவரின் வயதுப்படி. மென்பொருளில் கணக்கு உள்ளவர்களில் மூத்தவருடைய கோப்பு ‘தலை’. அது பிறக்கும்போதே வெளியிடப்பட்டதாகப் பிறக்கும், பெரியவரை யார் சரிபார்ப்பது? கடைசிப் படியில் இருப்பவர்களுடைய கோப்பு ‘முதுகெலும்பு’. அதற்கு மேலுள்ள எல்லா எலும்புகளும் வரிசை தவறாமல் ஒப்புதல் தர வேண்டும். சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி இது: ‘தலை வகைக் கோப்பைப் பட்டறை திருப்பி அனுப்புவது, பெரியவர் கையால் கொடுத்த எலும்பைத் தட்டில் திரும்ப வைப்பதற்குச் சமம்.’

நிலையத்தில் கணக்கு உள்ளவர்களில் மூத்தவர் இயக்குநர். ஜனவரியில் அவருக்கு அறுபது நிறைகிறது. அதற்கான விருந்துப் பட்டியலை அவர் அலுவலகக் கணினியில் எழுதிச் சேமித்தார். மறுநாள் பட்டறையிலிருந்து ஓமுர்பெக் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“தங்கச்சி, தலை ஒண்ணு வந்திருக்கு. ‘கஸி, நாப்பது. ஒரு முழ நீளம். கொழுப்பு சரிபாதி.’ எஃகா, வார்ப்பிரும்பா?”

“அண்ணே, கஸின்னா கஸி! குதிரைக் கறியைக் குடல்ல அடைச்சுச் செய்வாங்களே, அது.”

“கஸி என்னன்னு எனக்குத் தெரியாதா? வாரா வாரம் திங்கறவன். என் கேள்வி அது இல்ல. முத்திரை இருக்கு, அளவு இருக்கு. உலோகம் என்னன்னுதான் போடல.”

“திருப்பி அனுப்பிடுங்க.”

“தலையையா? எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, தாயே.”

கொழுப்பு சரிபாதி என்பதால் கலப்பு எஃகு என்று அவரே முடிவு செய்தார். கையிருப்பில் இருந்த இரண்டு தடித்த எஃகு உருளைகளில் ஒன்றை லேத்தில் ஏற்றி நாற்பது துண்டாகக் கடைந்து மெருகேற்றிக் கொடுத்தார். இயக்குநர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “நினைவுப் பரிசா வெச்சுக்கலாம்,” என்றார். தாமீர் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டான். நிறையப் பேருக்குப் பிடித்திருந்ததாம்.

நவம்பர் கடைசியில் வெப்ப நிலையத்தின் பெரிய பம்பில் தண்டு விரிசல் விட்டது. பாதி வேகத்தில் ஓட்டினார்கள். ஊர் முழுக்க வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் வெதுவெதுப்பாகி, பிறகு அந்த மரியாதையையும் கைவிட்டன. பிரசவ விடுதியில் செவிலியர்கள் கம்பளிக் கோட்டோடு வேலை பார்த்தார்கள்.

புதுத் தண்டை வரைந்தவள் ஜிப்பார். என் பக்கத்து மேசை. நிறைமாதம். வயிறு மேசையில் இடிப்பதால் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு வரைந்தாள். இரண்டே நாளில் முடித்துவிட்டுச் சேமித்தாள். அவளும் என்னைப் போலக் கடைசிப் படி. வகை: முதுகெலும்பு.

“பிள்ளை எப்போ வெளிய வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க,” என்றாள். “வரைபடம் எப்போ வெளிய வரும்? நீதானே இதுக்கு டாக்டர், சொல்லேன்.”

வரிசையில் முதல் ஒப்புதல் தோள்பட்டை வகைக்காரர் தர வேண்டியது. அவர் தரவில்லை, ஏரிக்கரை சுகவாச விடுதியில் முதுகுக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தார். இருவருமாக இயக்குநரிடம் போனோம். அவர் அறையில் மட்டும் மின்சார அடுப்பு கனன்றுகொண்டிருந்தது.

“நீங்க நேரா ஒப்புதல் குடுத்தா முடிஞ்சிரும் ஐயா,” என்றேன்.

“தோள்பட்டை இன்னும் கை கழுவலை. அதுக்குள்ள தலை சாப்பிட ஆரம்பிக்கலாமா? எங்க படிச்சே நீ?”

“விருந்துல தலை வாங்கினவர் காதை அறுத்துச் சின்னவங்களுக்குக் குடுப்பார் இல்லையா? அந்த மாதிரி, நீங்களா பாத்து இவ கோப்புக்கு...”

அவர் முகம் மலர்ந்தது. “காது விதி! ரொம்பச் சரி. அதையும் சேத்துத்தான் வெச்சிருக்கேன். தலை தன் விருப்பப்படி கீழே உள்ள கோப்பை உசத்தலாம்.” மலர்ந்த முகம் உடனே வாடியது. “ஆனா ஆட்டுக்கு எத்தனை காது?”

“ரெண்டு.”

“ரெண்டும் குடுத்தாச்சே. ஒண்ணு மருமகன் கார் கொட்டகைக் கதவுக்கு. இன்னொண்ணு அவனோட தம்பி வீட்டுக் கதவுக்கு. அடுத்த வருஷந்தான் புது ஆடு.”

ஜிப்பார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எனக்கு மூணாவது காது வேணாம் ஐயா. பிள்ளை பெத்துப் படுக்கிற கட்டில்ல குளிராம இருந்தாப் போதும்.”

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்நெஞ்சக்காரர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஜிப்பாருக்கு உடனடியாகப் போர்வை ஒன்று, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், வழங்க வேண்டும் என்று எங்கள் கண்முன்பாகவே உத்தரவு எழுதிச் சேமித்தார்.

மறுநாள் பட்டறையிலிருந்து தகரத்தில் ஒரு போர்வை வந்தது. அளவு மிகச் சரியாக இருந்தது.

அதே நாள் ஓமுர்பெக் அண்ணனின் போனும் வந்தது. “தங்கச்சி, தலை மறுபடி வந்திருக்கு. விருந்தாளி கூடிட்டாங்களாம். கஸி இன்னும் இருபது. மிச்சமிருக்கிற உருளையை நாளைக்குக் காலைல அறுக்கப் போறேன்.”

“அண்ணே, ஜிப்பாரோட தண்டுக்கு அந்த உருளைதானே!”

“தெரியும். என் பேரன் வீட்டுக்குள்ள தொப்பியோட தூங்கறான். ஆனா அவ கோப்புக்கு முத்திரை இல்லையே.”

நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் யாருக்குக் கணக்குத் திறப்பது என்பது என் அதிகாரம். வாசலில் காவலாளி ஷாமிர்ஸா தாத்தா எப்போதும் போலச் சாய்ந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. அவருக்குக் கணினிக் கணக்கு இல்லாததால், அப்படி ஒரு வயது இருப்பதே கணினிக்குத் தெரியாது.

ஐந்து நிமிடத்தில் தெரியவைத்தேன். ஜிப்பார் அவரைக் கைப்பிடித்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய புதுக் கணக்கில் தன் தண்டு வரைபடத்தைத் திறந்தாள்.

“இந்தச் ‘சேமி’ பொத்தானை அமுக்குங்க தாத்தா,” என்றேன்.

“அமுக்கினா என்ன ஆகும்?”

“நீங்கதான் தலை.”

“எத்தனை வருஷமா கதவைத் திறந்து விடறேன்! ஒரு பய சொல்லலியே!” என்று அவர் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினார்.

தண்டு வெளியானது. ஒரு ஆட்டுக்கு ஒரு தலைதான் என்பதால் இயக்குநர் அந்த நொடியே இடுப்பெலும்பானார். அவருடைய கஸிப் பட்டியல் முத்திரையை இழந்து, ஷாமிர்ஸா தாத்தாவின் ஒப்புதலுக்கு வந்து நின்றது. காலையில் இயக்குநர் தாத்தாவைத் தேடி வாசலுக்கு வந்தார். பெரியவர் முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றினார்.

“உடம்பு எப்படி இருக்கு, பெரியவரே? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ஆடு மாடு? என் பட்டியல் ஒண்ணு உங்ககிட்ட நிக்குதாம்.”

“நிறுத்தலைப்பா. படிச்சிட்டிருக்கேன். அழைக்க வேண்டியவங்கன்னு போட்டிருக்கே, அதுல என் பேர் எந்தப் பக்கம்?”

இயக்குநரின் கையிலிருந்த கடிகாரம் இதயத் துடிப்பு அதிகம் என்று கிணுகிணுத்தது.

“கண்ணு சரியாத் தெரியல போல. இன்னொரு தடவை மொதல்லேருந்து படிக்கறேன்,” என்றார் தாத்தா.

அதற்குள் ஓமுர்பெக் அண்ணன் உருளையைக் கடைந்து முடித்திருந்தார். அந்த வாரமே பம்பு முழு வேகத்தில் ஓடியது, குழாய்கள் சுட்டன. ஜிப்பாருக்குப் பெண் பிறந்தது. அறையில் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறக்கச் சொன்னாளாம்.

இனி இந்த விதி வேண்டுமா என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். கிழித்தெறிய வேண்டும் என்று நான் நான்கு பக்கத்துக்கு எழுதி எடுத்துப் போனேன். முதலில் பேசிய ஓமுர்பெக் அண்ணன், “இப்போ நிறுத்தினா, நான் இத்தனை வருஷமா கீழ்த் துண்டைக் கடிச்சதுக்கு என்ன பதில்? கொஞ்ச வருஷத்துல எனக்கு இடுப்பெலும்பு வருது,” என்றார். எல்லாரும் விரல் விட்டுத் தங்கள் தங்கள் எலும்பை எண்ணினார்கள். தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார், அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

என் முறை வந்தபோது அந்த நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காரணம் உண்டு. அன்று காலைதான் நாஸிக் என்று ஒரு பெண் வேலையில் சேர்ந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. கீழே ஆள் சேர்ந்தால் மேலே உள்ளவர்கள் ஒரு படி ஏறுவார்கள். ஜிப்பாரும் நானும் தோள்பட்டை. நிதானமாக யோசித்துப் பார்த்தால் விதியில் குறை இல்லை, அதைக் கையாண்டவர்களிடம்தான் குறை என்று புரிந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. வேண்டுமானால் வாதத்துக்கு வாருங்கள்.

ஜனவரியில் ஜிப்பார் வீட்டில் தொட்டில் விருந்து. தலை ஷாமிர்ஸா தாத்தாவுக்கு. என் தட்டில் முதல் முறையாகத் தோள்பட்டை. கடைக்குட்டிதானே தேநீர் ஊற்ற வேண்டும். வாசலோரம் நாஸிக் உட்கார்ந்து ஊற்றினாள். என் கிண்ணத்தை வாங்கும்போது குனிந்து சொன்னாள்:

“அக்கா, பள்ளிக்கூடத்துக் கொதிகலன் வால்வு ஒழுகுது. பிள்ளைங்க கோட்டு போட்டுட்டு எழுதறாங்க. நான் வரைஞ்சு சேமிச்சு ஒரு வாரமாச்சு. உங்க ஒப்புதலுக்குத்தான் நிக்குது.”

“விருந்துல வேலை பேசக் கூடாது தங்கச்சி,” என்றேன். “அப்புறம், கிண்ணத்தை நிறைய ஊத்தாதே. சீக்கிரம் எழுந்து போன்னு சொல்ற மாதிரி, மரியாதை இல்ல.”