மேற்கோள் பட்டியலில் ஒரு பிசாசு

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துவிடும். கொடுத்துவைத்தவர்கள். எனக்குப் பயம் வந்தால் வாய் திறந்துகொள்ளும். கேட்டதற்குப் பதில், கேட்காததற்கும் பதில், கேட்க நினைத்திராததற்கு விளக்கவுரை.

சுனாமி அடித்து ஓய்ந்து, சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். கதிரவெளி மீனவர்கள் கடலுக்குத் திரும்பிய கதையை நான் ஆய்வேடாக எழுதிக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் மேற்கோள்களுக்குக் கையால் எண் போட்டு மாரடிக்க, நான் மட்டும் லாடெக் என்ற இலவச மென்பொருளைப் பிடித்துக்கொண்டேன். (சும்மா கிடைத்தால் எனக்கு வேப்பெண்ணெயும் தேன்.) அதில் எல்லாமே வெறும் எழுத்துதான். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு சுருக்கப் பெயர் வைத்துத் தனிக் கோப்பில் விவரத்தைப் போட்டுவிட வேண்டும். கட்டுரையில் அந்தச் சுருக்கப் பெயரை எழுதினால் போதும். அச்சாகும்போது ஆசிரியரும் ஆண்டும் தாமாக வந்து உட்காருவார்கள். வரைபடத்துக்கும் அதே ஏற்பாடு.

சுருக்கப் பெயரை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆகவே பட்டப்பெயர்களையே வைத்தேன். எங்கள் பக்கம் கந்தையா வீடு எது என்று கேட்டால் ஊரே முழிக்கும். பட்டப்பெயரைச் சொன்னால் நாய்கூடக் கூட்டிக்கொண்டு போய்விடும். பேட்டி கொடுத்த மீனவர்கள் கொக்கு, இருமல், தவளை என்று ஆங்கில எழுத்தில் வரிசையாக நின்றார்கள். என் பேராசிரியரின் கட்டுரைக்கு வைத்த பெயர் மொட்டைப்பிசாசு. அவர் தலையில் முடி கிடையாது, திருத்தும் பேனாவில் இரக்கம் கிடையாது.

ஆய்வேட்டில் அவரிடம் கையொப்பம் வாங்கக் கடைசி நாள். வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு நண்பன் ரவியின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். வழியில் ஆய்வேடு இருந்த கணினித் தட்டைப் பறித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு முன்யோசனை. ஆய்வேட்டுப் பிரதியோடு, அந்த வெறும் எழுத்துக் கோப்பையும் அச்சடித்துப் பையில் வைத்தேன். புத்திசாலித்தனம் என்றால் அப்படி ஒரு புத்திசாலித்தனம்.

சோதனைச் சாவடியில் அதிகாரி பையைத் திறந்தார். கையில் அகப்பட்டது அந்தக் கோப்பு. சாய்கோடும் அடைப்புக்குறியுமாக இருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"கொக்கு. இருமல். கதிரவெளி. யாரு இவங்க?"

"மீன் பிடிக்கிற ஆக்கள், சேர்."

"சொந்தப் பேர் இல்லையா?"

"இரிக்கு சேர். அது வேற இடத்தில வச்சிரிக்கன்."

"வாயப் பொத்துடா," என்றான் ரவி, உதடு அசையாமல்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். "மேப், வாவி என்று போட்டிருக்கு. மேப் எங்க?"

"இதில இல்ல சேர், பேர் மட்டுந்தான். மேப் தானா வரும்."

"எப்பிடி வரும்?"

"முதல் தரம் வெறும் கேள்விக்குறிதான் சேர். ரெண்டாந் தரந்தான் சரியான இடத்தில விழும்."

அந்த மென்பொருளை இரண்டு தரம் ஓட்டினால்தான் எல்லாம் இடத்தில் வந்து உட்காரும் என்பதால், அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில் அது எப்படிக் கேட்கும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதிகாரியின் முகம் மாறியது. இருவரையும் உள்ளே கூட்டிப்போய் வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். அந்த நாட்களில் உள்ளே போவது சுலபம். வெளியே வருவதற்கு யாரும் பொறுப்பில்லை.

"இந்த மொட்டைப்பிசாசு எல்லாப் பக்கத்திலும் இருக்கு. இவர்தான் பெரிய ஆளா?"

"ஓம் சேர். அவர் சொல்றதத்தான் நாங்க செய்வம்."

ரவி கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க இருக்கார்?"

"யூனிவசிற்றியில சேர். அவர் எங்கட புரொபசர்." கேட்காமலே தொலைபேசி எண்ணையும் ஒப்பித்தேன்.

அதிகாரி எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் எடுத்ததும், சாவடியையும் என் பெயரையும் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டார்: "ஆர் யூ மொட்டைப்பிசாசு?"

இல்லை என்று சொல்லிவிட்டால் நாங்கள் தொலைந்தோம். ஆமென்று சொல்ல எந்தப் பேராசிரியருக்குத் தலையெழுத்து? வகுப்பின் கடைசி வாங்குவரை எட்டும் அந்தக் குரல், கடைசியில், ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது.

"யெஸ். ஸ்பீக்கிங்."

பிறகு அவர் நெடுநேரம் எதையோ விளக்கினார். அதிகாரியின் மீசை முதலில் துடித்தது, பிறகு தோளே குலுங்கியது. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"வெளியில வா மனே," என்றார் பேராசிரியர், மிக மெதுவாக. "மறுகா கதைப்பம்." பிறகு பேசிக்கொள்வோமாம்.

அந்தக் குரலைக் கேட்டதும், இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டுமா என்று அதிகாரியிடம் கேட்கத் தோன்றியது.

அவருடைய அறைக்குள் ரவி வரவில்லை. (அப்படி ஒரு நண்பனே எனக்கு இல்லை என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னானாம்.) பேராசிரியர் அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மொட்டைப்பிசாசு வந்த இடமெல்லாம் ஒரு கணம் நின்றார். கடைசியில் பேனாவை எடுத்து, ஆய்வேட்டுப் பிரதியின் மேற்கோள் பட்டியலில் தன் கட்டுரைக்கு நான் போட்டிருந்த ஆண்டை வெட்டிச் சரியாக எழுதினார்.

"பிசாசெண்டாலும் ஆண்டு பிழைக்கப்படாது," என்றார். கையொப்பம் போட்டார்.

ரவி என் கலியாணப் பந்தலிலேயே இதை அவிழ்த்துவிட்டான். இன்றைக்கும் பேராசிரியர் ஐயா தொலைபேசியில் கூப்பிட்டால், என் மனைவியிடம் பெயர் சொல்வதில்லை.

"பிள்ள, பிசாசு கதைக்கிறன். ஆள் உள்ளுக்கா, வெளியிலயா?"

"வெளியிலதான் ஐயா, உங்கட புண்ணியத்தில," என்று சொல்லி அவள் தொலைபேசியை நீட்டுவாள். நான் எழுந்து நின்றுதான் வாங்குவேன்.