அன்புள்ள ஜாய்சி அவர்களே

அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் கோடைப் பார்த்து "இதுக்கு எதுக்கு இவ்ளோ?" என்று கேட்பவனை ஆபீஸுக்குள்ளேயே விடக்கூடாது. நான் அப்படிக் கேட்டவன். கேட்டதோடு நின்றிருந்தால், என் தங்கை கல்யாணத்துக்காக ஒரு நாலு வயதுப் பெண்ணிடம் கெஞ்ச வேண்டிய நிலை எனக்கு வந்திருக்காது.

அப்போது திருப்பதியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நாங்கள் செய்தது மெசேஜ் அனுப்பும் லைப்ரரி. (புத்தகம் அடுக்கிய இடமில்லை. மற்ற புரோகிராம்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் கோடு. "நாளை பள்ளி விடுமுறை" போன்ற மெசேஜெல்லாம் இப்படி ஏதோ ஒரு லைப்ரரி வழியாகத்தான் வரும்.) யாருக்கு அனுப்புகிறோம் என்ற அட்ரஸ் பகுதியை எழுதியவர் என் சீனியர், திருச்சானூர் கல்பனா அக்கா. அட்ரஸ் என்றால் வெறும் போன் நம்பர்தானே என்று நாம் நினைப்போம். அக்கா அதை இரண்டாகப் பிரித்திருந்தார். நம்பர் என்பது வாசல். அந்த வாசலில் நின்று யார் பேரைக் கூப்பிடுகிறோமோ அவர் ஆள். வாசலும் ஆளும் இரண்டுமே பொருந்தினால்தான் இரண்டு அட்ரஸும் ஒன்று என்று அவர் கோடு ஒப்புக்கொள்ளும்.

"வாசல் ஒன்னுதான்பா. உள்ள எத்தினி பேரு கீறாங்கன்னு நமக்கு தெரியுமா?" என்பார்.

இன்று அதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எத்தனையோ பேர் கோடைப் பார்த்துவிட்டேன், இவ்வளவு மரியாதை தெரிந்த கோடைப் பார்த்ததில்லை. அன்றைக்கோ நான் பெரிய புடுங்கி. ஒரே நம்பருக்கு நாலு பேர் பேரில் நாலு மெசேஜா, என்ன அநியாயம் என்று பொங்கிவிட்டேன். அக்கா லீவில் இருந்த வாரம், என் லேப்டாப்பிலிருந்த காப்பியில் ஆளைத் தூக்கிவிட்டு நம்பரை மட்டும் வைத்தேன். (நல்லவேளை, என் காப்பியில் மட்டும்.) அதே நம்பருக்கு இன்னொரு பேர் வந்தால், முதல் பேரை அழித்துவிட்டுப் புதுப் பேரை வைத்துக்கொள்ளும். கோடு பாதியாகக் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு நானே பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் தங்கை கல்யாணம் வந்தது. நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள். எங்களுக்குள் "குடும்பத்தோட வந்துடுங்க" என்பதெல்லாம் ஒப்புக்குச் சொல்வது. வீட்டுப் பெரியவரில் தொடங்கி வயது வரிசையில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்க வேண்டும். பேர் விட்டுப்போனவர் வரமாட்டார். வந்தாலும் பிரியாணியைத் தொடமாட்டார் (அது இன்னும் பெரிய அவமானம்). நைனா (எங்கள் ஊரில் அப்பா) வீடு வீடாகப் போய் அப்படித்தான் அழைப்பார். அந்த நேரம் பார்த்து பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு.

"நீ படு நைனா, என் லைப்ரரி பாத்துக்கும்" என்றேன்.

"பேரெல்லாம் சரியா போவுமாடா?"

"திருப்பதில பாதி ஆஸ்பத்திரிக்கு நாங்கதான் அனுப்பிகினு கீறோம்." (ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அதுவும் பல் ஆஸ்பத்திரி.)

நைனா கட்டிலில் படுத்தபடி வீடு வீடாக, பெரியவரிலிருந்து சின்னவர்வரை பேர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே நம்பர்தான். மாப்பிள்ளை வீட்டாரையும் விடவில்லை. "அன்புள்ள இன்னார் அவர்களே, என் தங்கை திருமணத்துக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும்." பட்டனை அழுத்திவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் போன் பக்கத்துத் தெரு சாமுவேல் மாமா. "இன்னாபா, எங்க ஊட்ல கைக்கொழந்தைக்கு மட்டும் அழைப்பு அனுப்பிகிற? அவன் இன்னும் தவழ்ந்துகினு கீறான்!" அப்புறம் போன் ஓயவே இல்லை. கல்பனா அக்காவுக்குப் போன் போட்டு, அவர் கோடில் கை வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேருங்கள எந்த வரிசைல போட்ட?"

"வயசுப்படி. பெரியவங்க மொதல்ல."

"அதே நம்பருக்கு அடுத்த பேரு வந்தா?"

"பழசு போய்டும்…"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக நின்றது கடைக்குட்டி.

"அய்யோ ராமா!" அக்கா மூச்சு முட்டச் சிரித்தார். "ஊர்ல கீற பெரியவங்கள எல்லாம் தொடச்சிட்டு பேபி கிளாஸ கல்யாணத்துக்கு கூப்பிட்டுட்டியேப்பா!"

(எங்கள் வீட்டுப் பேர்களையும் நைனா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி மணப்பெண். அவளுடைய கல்யாணத்துக்கு அவளையே அழைத்திருந்தேன்.)

சிரிப்பெல்லாம் மாப்பிள்ளை போன் பண்ணும் வரைதான். அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. வளர்த்து ஆளாக்கியது குடுபல்லியில் இருக்கும் எஸ்தர் பெரியம்மா. தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். அவர் வீட்டில் மெசேஜ் வந்தது நாலு வயதுப் பேத்தி ஜாய்சிக்கு மட்டும்.

"பெரியம்மா வரலன்னா நான் கோயில் படி ஏற மாட்டேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. தங்கை என்னைத் திட்டக்கூட இல்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"கோட நான் பழையபடி மாத்திக் குடுக்கறேன், மத்தவங்களுக்கு வரிசையா அனுப்பு. அந்தம்மாவுக்கு மட்டும் மெசேஜ் வாணாம், நேர்ல போ" என்றார் அக்கா. மறுநாளே குப்பம் பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, ஆப்பிள் பையோடு குடுபல்லியில் போய் நின்றேன்.

பெரியம்மா ரிடையர்டு டீச்சர். நாற்காலியை விட்டு எழவில்லை. "வாப்பா. எனக்கு ஒன்னும் வரலியே. அழைப்பு வந்தது அவளுக்கு. அவ கூட்டிகினு போனா வரேன். அவள கேளு."

ஜாய்சி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் மண்டி போட்டேன்.

"ஜாய்சி கண்ணு, ஆயாவையும் கல்யாணத்துக்கு கூட்டிகினு வர்றியா?"

"நீ யாரு?"

"பொண்ணுக்கு அண்ணன்."

"உனக்கு மெசேஜ் வந்துச்சா?"

"வரல."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்காகத்தான். "அழுவாத. நீயும் எங்கூட வா. ஆயா, இவனையும் கூட்டிகினு போலாம், பாவம்!"

எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பெரியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் எழுந்து நின்று, எஸ்தர் பெரியம்மாவில் தொடங்கி அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் வயது வரிசையில் பேர் சொல்லி அழைத்தேன். கடைசியில், "அன்புள்ள ஜாய்சி அவர்களே!"

"அது எப்பவோ வந்துடுச்சி" என்றாள் அவள்.

கல்யாணத்தன்று ஜாய்சி முன்னால் நடக்க, பின்னால் பெரியம்மா, அவர் பின்னால் மாப்பிள்ளை வீடு மொத்தமும் வந்தது. தாலி எடுத்துக் கொடுக்கும்போது பெரியம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சாமுவேல் மாமா, தன் போனில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்த மெசேஜ்களைப் பந்தியில் சத்தமாக வாசித்துக்காட்டி, இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். நான் அநியாயம் என்று பொங்கிய அதே நாலு மெசேஜ்தான். கல்பனா அக்கா மாதிரி யோசிக்க எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் அவர் கோடில் கை வைப்பதை அன்றோடு விட்டேன். ஒரே நம்பரில் பல பேர் இருந்தால் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அக்கா அந்த லைப்ரரியில் 'ஜாய்சி' என்றே பேர் வைத்திருக்கிறார்.

ஜாய்சி இப்போது ஹைஸ்கூல். போன மாதம் எங்கள் வீட்டு நம்பருக்கு அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, என் எட்டு மாத மகள் பேருக்கு வந்திருந்தது.

"அன்புள்ள அபி அவர்களே, என் பர்த்டேவுக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும். தங்களுக்கு இன்னும் நடக்க வராததால், தூக்கிக்கொண்டு வர தங்கள் அப்பாவையும் கூட்டி வரலாம், பாவம்!"

தூக்கிக்கொண்டு போனேன்.